ரெத்தினபாய் ஞாபகார்த்தமாக

கொன்னமூட்டுவிளை,
12 பிப்ரவரி 2024

தம்பி ஆபேலுக்கு,

‘கர்த்தருக்குள் அன்பான’ என்று தொடங்கித்தான் நம் வீட்டில் கடிதம் எழுதுவோம். இன்றைக்கு அது எனக்கு வரவில்லை. என் எண்ணை நீ பிளாக் பண்ணிவிட்டாய். ஷிபாவின் போனை வாங்கிப் பேசலாம். ஆனால் உன் பெண்டாட்டியை நடுவில் நிறுத்திவைத்து நாம் இருவரும் அடித்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. அதனால் காகிதம். பக்கத்து வீட்டு ஜெஸ்பின் வெள்ளிக்கிழமை உன் சைட்டில் வேலைக்குச் சேர சோகாருக்கு வருகிறான். நேந்திரங்காய் வறுவலும் இந்தக் கடிதமும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். வறுவலைத் தின்றுவிட்டுப் படி. பசியோடு படித்தால் கோபம் கூடும்.

அம்மையின் முதல் ஆண்டு நினைவு ஆராதனையில் நான் உன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். நடந்ததை நானும் சொல்கிறேன். நீ மைக்கைப் பிடித்து, ஆலய வாசலில் அம்மை பெயரில் வளைவு கட்டித் தருகிறேன் என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து, “ஏலே ஆபேலு, அந்த வளைவுக்கு அடியில ஒண்ணுக்குப் போக முடியுமா?” என்று கேட்டேன். கேட்டது உண்மைதான். இன்னொரு தடவை ஆராதனை வைத்தாலும் அதையேதான் கேட்பேன்.

நம் ஆலயத்தில் எதற்குத்தான் பெயர் இல்லை? ஃபேன் இறக்கையில் பெயர், பெஞ்சின் முதுகில் பெயர், சுவர்க் கடிகாரத்துக்குள் பெயர். அண்ணாந்து பார்த்தால் செத்துப்போன அத்தனை பேரும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். பெண்களுக்கு ஒரு கழிப்பறை மட்டும் இன்றுவரை இல்லை. ஆண்களுக்கு மதிலோரம் மறைப்பு இருக்கிறது. எங்களுக்கு ஆலயத்தை ஒட்டிய முத்துக்கனி அக்கா வீடுதான் கதியாக இருந்தது. அவர்கள் அய்யாவழிக்காரர்கள், நம் சபை இல்லை, இருந்தும் ஞாயிறுதோறும் நம் பெண்களுக்காகப் பின்வாசலைத் திறந்து வைத்தவர்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவர்கள் மகன் பிரதீஷோடு கோயம்புத்தூர் போய்விட்டார்கள். வீட்டில் பூட்டு தொங்குகிறது. இப்போது பெண்கள் பிரசங்கத்தின் நடுவில் எழுந்து அவரவர் வீட்டுக்கு ஓடுகிறார்கள். சபைச் செயலர் சிலுவைதாசன் அண்ணன் மைக்கில் என்ன சொன்னார் தெரியுமா? “பிரசங்க நேரத்துல எழும்பிப் போற பெண்கள் கொஞ்சம் அடக்கமா இருக்கணும்.” எதை அடக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

அடுத்த வீட்டில் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, அம்மை சனிக்கிழமை சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள். கடைசியில் சிறுநீரகம் கெட்டு நெய்யூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டாக்டர் கேட்டார். “நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைல்லா டாக்டரே” என்றாள். அன்று செவ்வாய்க்கிழமை. நான் பக்கத்தில் நின்றேன்.

ஆகவே முடிவு பண்ணிவிட்டேன். ஆலயத்துக்கு இடப்பக்கம் அம்மை நம் இருவர் பெயருக்கும் விட்டுப்போன நாலு சென்டில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டப் போகிறேன். இந்த வருஷம் கமிட்டியில் நானும் ஒரு ஆள், முதல் பெண். போன கூட்டத்தில் அறிவித்தும் விட்டேன். அம்மை பெயரில்தான் கட்டுவேன். இடத்தை ஆலயத்துக்கு எழுதிக் கொடுக்க உன் கையெழுத்து வேண்டும்.

அக்கா,
பூங்கனி


சோகார், ஓமான்,
3 மார்ச் 2024

அக்காவுக்கு,

வறுவல் கிடைத்தது. கடிதமும் கிடைத்தது. போனில் பேசினால் நீ பேசவிட மாட்டாய் என்பதால் நானும் எழுத்திலேயே பதில் சொல்கிறேன்.

ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஊரில் எல்லாரும் என்னை எஞ்சினியர் என்கிறார்கள். நான் திட்ட மேலாளர். அந்த உரிமையில் சொல்கிறேன். உன்னிடம் இருப்பது திட்டம் இல்லை, கோபம். எந்தத் திட்டத்துக்கும் முதலில் ஒரு கேள்வி உண்டு. எது தேவை, யாருக்குத் தேவை, யார் யார் சம்மதிக்க வேண்டும்? அது தெளிந்த பிறகு உட்கார்ந்து வரைய வேண்டும். சாமான், ஆள், நாள் எல்லாம் தாளில் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மண்வெட்டியைத் தொடலாம். வேலை நடக்கும்போது கூடவே நின்று, தாளில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் முறையாக முடித்துக் கொடுக்க வேண்டும். நீ முதல் படியிலேயே வழுக்கிவிட்டாய். அந்த நாலு சென்டில் பாதிக்குச் சொந்தக்காரன் நான். என்னிடம் கேட்காமல் கமிட்டியில் வாய்விட்டது யார் கொடுத்த தைரியம்?

என் வளைவு அப்படியில்லை. பத்மநாபபுரம் அரண்மனை முகப்பு மாதிரி மேலே ஓடு வேய்ந்து வரும். அம்மை பெயரும் என் பெயரும் போட்டுக் கல்லும் வெட்டியாகிவிட்டது. வரைபடத்துக்கு ஆளிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். அம்மை பெயரைக் கழிப்பறைச் சுவரில் எழுதவா? ‘ரெத்தினபாய்க்குப் போயிட்டு வாறேன்’ என்று பெண்பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். காலாகாலத்துக்கும் சிரிப்பார்கள். வெள்ளைச் சேலை உடுத்து, வேதப்புத்தகத்தைத் துணியில் பொதிந்து மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஆலயத்துக்கு நடந்து போகும் அழகு உனக்கு மறந்துவிட்டதா? அந்தப் பெயரை மூத்திர நாற்றத்தில் கொண்டு ஒட்டாதே.

கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆபேல்


கொன்னமூட்டுவிளை,
குருத்தோலை ஞாயிறு, 24 மார்ச் 2024

தம்பி,

சொல்லட்டுமே. ‘ரெத்தினபாய்க்குப் போயிட்டு வாறேன்’ என்று ஒரு சின்னப்பிள்ளை வெட்கப்படாமல் சொல்லிவிட்டுப் போய்வந்தால் அம்மைக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? அவள் ஆலயத்துக்குப் போன அழகை நீ பார்த்தாய். அவள் திரும்பி வந்த அவசரத்தை நான் பார்த்தேன். வாசல்படி ஏறும்போதே அந்த வேதப்புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் ஓடுவாள். செருப்பைக்கூடக் கழற்ற மாட்டாள். நீ அப்போது ஆண்பிள்ளைகளோடு ஆலய முற்றத்தில் கதை பேசிக்கொண்டிருப்பாய்.

முதல் படியில் வழுக்கிவிட்டேன் என்கிறாய். வழுக்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எல்லாரிடமும் கேட்டேன். முதலில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சொன்னாள், மாதவிலக்கு நாட்களில் ஆலயத்துக்கே வருவதில்லை என்று. அதோடு மடை திறந்தது. யார் வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போகிறாள், எந்த ரப்பர் தோட்டத்துக்குள் போய் யாரைக் கண்டு பயந்து ஓடிவந்தாள் என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். ஷிபாவும் பேசினாள். என்ன பேசினாள் என்று நீ அவளிடமே கேள், நான் சொல்ல மாட்டேன்.

பிடியரிசியை நிறுத்திவிட்டோம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துப் பெட்டியில் கொண்டு கொட்டுவது எத்தனை தலைமுறைப் பழக்கம் என்று உனக்கே தெரியும். அந்த அரிசியை விற்றுத்தான் அந்த மைக்கை வாங்கினார்கள். அதே மைக்கில்தான் எங்களுக்கு அடக்கம் சொல்லிக் கொடுத்தார்கள். கழிப்பறை எழும்பும் வரைக்கும் அரிசி எங்கள் சங்கத்துக்குத்தான். செங்கலாகவும் சிமென்டாகவும் மாறும். போன ஞாயிறு பெட்டி காலி. சிலுவைதாசன் அண்ணன் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

உன் வளைவுக்கு வரைபடம் வருமுன்னே கல் வெட்டிவிட்டாயே, அது எந்தப் படி? நம் ஊரில் எல்லாத் திட்டமும் கல்லில்தான் தொடங்கும். பாதித் திட்டம் அந்தக் கல்லோடு முடிந்தும் போகும்.

இன்னொன்று. ஜெஸ்பின் அவன் வீட்டுக்குப் பேசும்போது நானும் பேசினேன். “ஆபேல் மாமா சைட்டுல கக்கூஸ் கொண்டு இறக்காம ஒரு ஆணி அடிக்க விடமாட்டாரு அத்தே” என்றான். உன் அட்டவணையில் முதல் வரியே அதுதானாமே. பாலைவனத்தில் யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு முதல் நாளே கழிப்பறை. உன்னைப் பெற்றவளுக்கு வளைவு. நல்ல மேலாளர்தான் நீ.

கையெழுத்து அனுப்பு.

பூங்கனி


சோகார்,
28 ஏப்ரல் 2024

அக்கா,

ஜெஸ்பினுக்கு வாய் கொஞ்சம் நீளம். இனி அவனிடம் பேசுவதாக இருந்தால் அவன் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேள்.

ஷிபாவிடம் கேட்டேன். சொன்னாள். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். “நீங்க என்னைக்காவது கேட்டியளா?” என்று போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு பிள்ளை சஜிதாவைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாள்.

மஸ்கட்டில் தூதரகத்துக்குப் போய்ப் பவர் பத்திரத்தில் முத்திரை வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். நிலத்தை நீயே ஆலயத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். என் பாதியையும் சேர்த்து.

ஆனால் நிலத்தைத்தான் தருகிறேன், பெயரைத் தரவில்லை. அங்கே அம்மை பெயர் எங்காவது வந்தால் அதற்குப் பிறகு உன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன். கோபத்தில் சொல்வதில்லை, யோசித்து எழுத்தில் சொல்கிறேன். உனக்குப் பிடிவாதம் இருக்கிறதென்றால் எனக்கும் அதே அம்மையிடமிருந்துதான் வந்திருக்கிறது.

வேலையை ஜூன், ஜூலை இடவப்பாதி மழை முடிந்து தொடங்கு. இதையாவது கேள்.

ஆபேல்


கொன்னமூட்டுவிளை,
9 ஜூன் 2024

தம்பி,

நீ சொன்னதைக் கேட்கவில்லை. ‘மழை முடியட்டும்’ என்று நீ எழுதினாய். அதே வார்த்தையை சிலுவைதாசன் அண்ணனும் கமிட்டியில் சொன்னார். நம் ஊரில் ஒரு காரியத்தைச் சாகடிக்க வேண்டுமென்றால் ‘வேண்டாம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘மழை முடியட்டும்’ என்பார்கள். மழை முடிந்தால் அறுவடை, அறுவடை முடிந்தால் பண்டிகை, அதற்குள் புதுக் கமிட்டி வந்துவிடும். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண் மண் தெரியவில்லை. பத்திரம் பதிந்த கையோடு பெந்தெகொஸ்தே ஞாயிறன்று ஜெபம் பண்ணி, மறுநாளே கொத்தனார் அனில்குமாரைக் கூட்டிவந்து குழி வெட்டச் சொல்லிவிட்டேன்.

மழை அடித்து நொறுக்கிவிட்டது. குழியின் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, ஆலய மதிலில் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தேவனுக்கு ஸ்தோத்திரம். சிலுவைதாசன் அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தார். “பூங்கனி நமக்கு ஒரு குளம் வெட்டித் தந்திருக்கா. மீன் விடலாம்” என்றார். பக்கத்தில் நின்ற ஆண்கள் எல்லாம் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அதைவிடப் பெரிய இடி அனில்குமார் சொன்னது. “அக்கா, இது வெறும் மழைத் தண்ணி இல்ல. ஆலயக் கிணத்துக்கும் இதுக்கும் ஒரே ஊத்துன்னு தோணுது” என்றான். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பண்டிகைக்கு ஊருக்கே சோறு பொங்குகிறார்கள். அது கெட்டுப்போனால் கழிப்பறை மட்டும் இல்லை, நானும் இந்த ஊரில் இருக்க முடியாது. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாசக் கடைசியில் கமிட்டி கூடுகிறது. குழியை மூடி, திட்டத்தையும் சேர்த்து மூடத்தான் கூடுகிறது.

உன்னிடம் கெஞ்சவில்லை. கேட்கிறேன். இது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நிலத்தின் அளவும் கிணறு இருக்கும் இடமும் பின்னால் வரைந்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று எழுது. கமிட்டி கூடும் முன்னால் கையில் கிடைக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் என் பேச்சு மாறவில்லை. உதவி செய்தால் மாறுவேன் என்று நினைத்துக்கொண்டு உதவி செய்யாதே.

பூங்கனி


சோகார்,
16 ஜூன் 2024

அக்கா,

இடவப்பாதியில் குழி தோண்டுகிற ஆளை என் சைட்டில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன். கோபம் வந்தால் உனக்கு மழையும் எதிரி, மண்ணும் எதிரி. இரண்டுக்கும் உன் கோபம் தெரியாது.

வெள்ளிக்கிழமை லீவில் உட்கார்ந்து வரைந்தேன். கூரியரில் அனுப்புகிறேன். நீ வெட்டிய இடத்தை உடனே மூடு. மதிலைக் கட்டிக் கொடு, முதலில் அதைக் கட்டு, அவர்கள் வாயை அது பாதி அடைக்கும். கிணறு மேட்டில் இருக்கிறது. நிலம் மேற்கே ரோட்டை நோக்கிச் சரிகிறது என்று உன் படத்திலேயே தெரிகிறது, நீதான் பார்க்கவில்லை. கழிவுத் தொட்டி அந்த மேற்கு மூலைக்குப் போக வேண்டும். வெறும் குழி கூடாது. தண்ணீர் கசியாத கான்கிரீட் தொட்டி. அடுத்த பக்கத்தில் அளவுகளும் கம்பி விவரமும் இருக்கின்றன, அனில்குமாரிடம் காட்டினால் புரியும். ஆகஸ்டில் ஊற்று இறங்கிய பிறகு தொட்டி. அதுவரை சும்மா இருக்காதே. செங்கல் வாங்கி அடுக்கு, கதவு செய்யச் சொல், தரைக்கு டைல்ஸ் விலை கேள். காத்திருப்பது என்றால் பின்வாங்குவது என்று நினைக்காதே. அந்த வித்தியாசம் உனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியாது.

கமிட்டியில் இந்த வரைபடத்தை விரித்து வை. யார் வரைந்தது என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

இனி நீ யோசிக்காத ஒன்று. எல்லாத் திட்டத்திலும் கடைசிப் படி ஒப்படைப்பு. கட்டிடம் எழுப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைச் சரியான கையில் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் குறைவு. நீ கட்டி முடித்து யார் கையில் கொடுப்பாய்? யார் கழுவுவார்கள்? அதற்குப் பதில் இல்லையென்றால் மூணு மாசம் நாறும். நாலாம் மாசம் கதவைச் சாத்தி உள்ளே விறகு அடுக்கிவிடுவார்கள். பார், சொன்னோமே என்பார்கள்.

இதற்குப் பதில் கிடைக்காமல் கதவு மாட்டாதே.

ஆபேல்


கொன்னமூட்டுவிளை,
7 அக்டோபர் 2024

தம்பி,

உன் வரைபடத்தைக் கமிட்டியில் விரித்த அன்று திட்டத்தை மூடும் பேச்சை விட்டுவிட்டார்கள். மதிலும் அதற்குள் நிமிர்ந்திருந்தது. ஆகஸ்டில் தொட்டி கட்டினோம். அனில்குமார் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் வைத்துப் பார்த்தான், ஒரு சொட்டு கசியவில்லை. செப்டம்பரில் சுவர், கூரை, கதவு, தண்ணீர்க் குழாய் எல்லாம் முடிந்தது. கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து, சுத்தம் என்று தாள் வாங்கி வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் உனக்கு என் நன்றி. மனசிலிருந்து சொல்கிறேன்.

ஆனால் முடிந்த அன்றே சிலுவைதாசன் அண்ணன் பூட்டுப் போட்டுவிட்டார். “முறையா திறக்காம யாரும் உள்ள போகப்பிடாது. பிரதிஷ்டை பண்டிகைக்கு வாற விருந்தாளி திறக்கட்டும்” என்றார். விருந்தாளியிடம் கேட்டதற்கு, கழிப்பறை என்று தெரிந்ததும் வேறு வேலை வந்துவிட்டது. மற்றவர்களிடம் கேட்டோம். ஒரு ஃபேன் சுவிட்சை அமுக்க நாலு பேர் நெருக்கியடிக்கும் ஊரில், இதைத் திறக்க ஒரு ஆள் கிடைக்கவில்லை. திறக்க ஆள் இல்லாததால் பூட்டு. பூட்டு இருப்பதால் பெண்கள் மறுபடியும் ரப்பர் தோட்டத்துக்கு. இரண்டு ஞாயிறு பொறுத்தேன்.

நேற்று பிரசங்கம் பாதியில் இருக்கும்போது நான் எழுந்தேன். ஷிபா எழுந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பின்னால் பெஞ்சுகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் பெண்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் இருந்த அத்தனை பேரும் நிற்கிறார்கள், கைக்குழந்தைக்காரிகள்கூட. போதகர் பிரசங்கத்தை நிறுத்தி ஒரு பாட்டை அறிவித்தார். அவரும் கமிட்டிக்குப் பயந்தவர். நேற்று அவரால் செய்ய முடிந்தது அதுதான், அது எனக்குப் போதும்.

பூட்டை எப்படித் திறப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. உன் அக்காவின் திட்டம் அந்த லட்சணம்தான். ஷிபா பைபிள் பையைத் திறந்து சுத்தியலை எடுத்தாள். “மைனி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள். மூணே அடியில் பூட்டு தெறித்தது. உன் மனைவிக்கு அவ்வளவு பலம் இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா?

அதற்குள் ஆண்கள் வந்துவிட்டார்கள். சிலுவைதாசன் அண்ணன் சத்தம் போடவில்லை. சிரித்துக்கொண்டே நீ கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். “செரி, திறந்தாச்சு. இனி யாரு கழுவுவா? கீழத்தெருவுல அதுக்குன்னு ஆளிருக்கு, சம்பளம் வச்சு விட்டுருவோம்.”

“அதுக்குன்னு யாரும் பிறக்கல அண்ணா. அங்க இருந்து ஒரு ஆள நீங்க கூப்பிட்டா, இந்தக் கதவ நானே பலகை வச்சு அடைப்பேன். ஆலயத்துக்கு வாற குடும்பம் முறை வச்சுக் கழுவட்டும். சுவருல இந்தப் பக்கம் பெண்கள் பேரு, அந்தப் பக்கம் ஆண்கள் பேரு” என்றேன்.

“பெண்களுக்குள்ள இடத்த ஆண்கள் கழுவணுமா?” என்று யாரோ கேட்டார்.

“உங்க மதிலோரத்த இத்தன காலம் பண்டிகைக்குப் பண்டிகை கழுவினது யாரு? நானும் எனக்க அம்மையும்” என்றேன். ஒவ்வொருத்தராகக் கலைந்து உள்ளே போய்விட்டார்கள்.

இதுதான் உன் கேள்விக்கு என் பதில். நல்ல பதில்தான், ஆனால் பாதிப் பதில். உள்சுவரில் வெள்ளையடித்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் பத்தி நேற்றே நிறைந்துவிட்டது. ஆண்கள் பத்தியில் ஒரு பெயர்கூட இல்லை. ஆண்கள் வராவிட்டாலும் நாங்கள் கழுவிக்கொள்வோம். ஆனால் அப்போது இது ஆலயத்தின் கட்டிடமாக இருக்காது, பூங்கனியின் பைத்தியமாக இருக்கும். நான் ஓய்ந்த அன்றைக்கு விறகு அடுக்கிவிடுவார்கள். நீ சொன்னது சரி.

முகப்பில் பெயர் எழுதிவிட்டேன். கல்லில்லை, நீலப் பெயின்ட்டில். ‘ரெத்தினபாய் ஞாபகார்த்தமாக.’ அவ்வளவுதான், கொடுத்தவர் பெயர் இல்லை, கமிட்டி பெயர் இல்லை. என் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நீ எழுத்தில் சொன்னதை மறக்கவில்லை. டிசம்பரில் நீ ஊருக்கு வந்து, நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனால் எனக்கு வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அழிக்க மாட்டேன்.

பூங்கனி


சோகார்,
20 அக்டோபர் 2024

அக்கா,

ஷிபா அந்தச் சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கொஞ்ச நாள் திறந்தே பார்க்கவில்லை. பிறகு பார்த்தேன். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. அம்மை பெயரை அங்கே பார்த்ததும் என் முகம் சுட்டது, இப்போதும் சுடுகிறது.

போன ஞாயிறு சஜிதாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஆலயத்துக்குப் போகும்போது இப்போது தண்ணீர் பாட்டில் கொண்டு போகிறாளாம். “பிரசங்கம் நீளமா போச்சுன்னா குடிப்பேன் அப்பா” என்றாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறவள். இதற்கு முன்னால் கொண்டு போனதில்லையா என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

சிலுவைதாசன் அண்ணன் போன் பண்ணினார். “மக்கா, உனக்க அம்மை பேரை அவ கக்கூஸ்ல எழுதி வச்சிருக்கா. உனக்கு மானக்கேடு இல்லியா? இடத்துல பாதி நீ குடுத்ததுதானே. எழுத்துல ஒரு வார்த்த குடு, நாளைக்கே சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிடுவோம். உனக்க வளைவு வேலையையும் தொடங்கிருவோம்” என்றார். நான் முன்பு சொன்னதையேதான் அவரும் சொன்னார். அவர் வாயிலிருந்து கேட்கும்போது எனக்கு அது சகிக்கவில்லை. அம்மை உயிரோடு இருந்தபோது அந்த மதிலோரத்தை அவள்தான் கழுவினாள் என்பது அவருக்குத் தெரியும். அப்போது அவருக்கு மானக்கேடாக இல்லை.

எழுத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தத் தாள் இதோடு இருக்கிறது. கமிட்டி கூடும்போது நீயே எல்லாரும் கேட்க வாசித்துவிட்டு அவர் கையில் கொடு. பிறகு அதில் உள்ளபடி எழுதவும் செய்.

உன் வீட்டுக்கு வருவேனா என்று தெரியவில்லை. ஆலயத்துக்கு வருவேன்.

ஆபேல்


சபைச் செயலர் அவர்களுக்கு,

பெண்கள் கழிப்பறையின் உள்சுவரில் ஆண்களுக்காகக் கோடு போட்ட பத்தி காலியாக இருப்பதாக அறிகிறேன். டிசம்பரில் நான் ஊரில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் என் முறையாக வைத்துக்கொள்ளவும். ஆராதனை முடிந்ததும் நானே கழுவுவேன். வளைவு வேண்டாம்.

முதல் வரியில் என் பெயரை எழுதவும். முன்னால் இனிஷியல் வேண்டாம். ரெத்தினபாய் மகன் ஆபேல் என்று முழுசாக எழுதவும்.